செவத்தம்மா அடிக்கமாட்டாள்

பாளையம்பட்டி
12.5.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பத்தாவதில் நான் தேறியது தமிழில் மட்டும்தான். அந்தத் தெம்பில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் இன்றோடு முப்பத்தோராம் நாள். நான் போன் போட்டால் மணி முழுசாக அடித்து ஓய்கிறது. அம்மா போட்டால் இரண்டாவது மணியிலேயே எடுக்கிறாய். அம்மா போனை வாங்கி நான் பேசினால், “அம்மாட்டக் குடுங்க” என்கிறாய். மூன்று தடவை இப்படி ஆனபிறகு எனக்கே கொஞ்சம் விஷயம் புரிந்தது. சரி, கடிதம் போடுவோம் என்று போஸ்ட்டாபீஸில் இன்லண்டு லெட்டர் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தேடி எடுத்துவந்து, தூசியைத் தட்டிக் கொடுத்தது.

காளியம்மன் கோயில் பொங்கல் விருந்தில் நடந்ததை நானும் நினைத்துத்தான் பார்க்கிறேன். நம் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டியில் பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள். உன் பெரியப்பா உன் இலைக்கு எதிரே நின்றுகொண்டு, “எங்க வீட்டுப் பிள்ளைக்கு பெங்களூருல வெளாடுறதுதான் வேலையாம். சாயந்தரம் மணியடிச்சா விட்டுருவாகளாம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய்.

அண்ணன் பேசியது தப்புதான். ஆனால் அவுக பேச்சு எப்போதும் அப்படித்தான், உனக்குத் தெரியாதா? நான் சிரித்தேன் என்றுதான் உனக்குக் கோபம் என்று அம்மா சொல்கிறாள். அந்த இடத்தில் சிரிக்காமல் வேறு என்ன செய்வது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. தெரிந்தால் எழுது.

மடிக்கிற இடம் வந்துவிட்டது. இதற்குமேல் எழுதினால் பசை எழுத்தைத் தின்றுவிடும்.

அப்பா
பூமிநாதன்


பெங்களூரு
20.5.2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் உங்களோடு பேசப் போவதில்லை. போனில் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். தாளில் சிரிப்புச் சத்தம் கேட்காது. அதனால் எழுதலாம். ஆனால் வேலை விஷயமாக மட்டும்.

எங்கள் இணையப் பத்திரிகையில் மாதம் ஒரு பழைய வீடியோ கேம் ஆட்டத்தை எடுத்து, இன்றைக்கு ஆடினாலும் தாங்குகிறதா, பழசாகிப் போய்விட்டதா என்று எழுதுவோம். இந்த மாதம் எனக்கு வந்திருப்பது ‘ஹார்பர் நைட்ஸ்’. நீங்கள் எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்ன அதே துறைமுகச் சண்டைதான். ஐந்து தெரு, கடைசியில் கலங்கரை விளக்கம்.

பதினொரு தடவை ஆடிவிட்டேன். எல்லாரும் இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஆட்டிவைக்கும் நீலச்சட்டைக்காரன் திரும்புவதற்குள் முதுகில் அடி விழுகிறது. திரைக்கு வெளியே, கண்ணுக்கே தெரியாத இடத்தில் நின்று ஒருவன் கத்தி வீசுகிறான். மூன்றாம் தெருவுக்குமேல் ஆடுபவரிடம் காசு பறிக்க வேண்டும் என்பதைத் தவிர அதைச் செய்தவர்களுக்கு வேறு யோசனையே இல்லை. சின்ன வயதில் ஆடியவர்கள், ஆட்டத்தை விட்டுவிட்டுத் தங்கள் சின்ன வயதைப் பாராட்டுகிறார்கள் என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.

அதற்கு முன் கடையில் நின்று இதை ஆடிய ஒருவரிடமாவது கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். எந்தக் கடை, நீங்கள் எந்த ஆள், எப்படி ஆடினீர்கள், மூன்று வருடம் அதிலேயே கிடக்கும் அளவுக்கு அதில் என்ன இருந்தது? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பகடி வேண்டாம்.

முருகலட்சுமி


பாளையம்பட்டி
29.5.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

‘முருகலட்சுமி’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். “பேரு வச்சது நீங்கதான, எழுத்துல பாக்க நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பகடி வேண்டாம் என்று உத்தரவு. முயற்சி செய்கிறேன். இன்லண்டு போதாது என்று கோடு போட்ட தாளும் கவரும் வாங்கியிருக்கிறேன்.

1996. பத்தாவதில் நான் விழுந்த வருஷம். மறுபடி எழுதுவதற்காக அருப்புக்கோட்டையில் டுட்டோரியலில் சேர்த்துவிட்டார் அண்ணன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவேன். டுட்டோரியல் பஸ் ஸ்டாண்டுக்கு மேற்கே. பாத்திரக்கடை மாடியில் இருளப்பசாமி அண்ணாச்சியின் வீடியோ கேம் கடை பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே. எனக்கு அப்போது திசை அவ்வளவாகத் தெரியாது.

பகடி இல்லை, இது நடந்தது.

ஜன்னல் இல்லாத ஒரு அறை. வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் இருட்டிலிருந்து கடல் மட்டும் மெதுவாக வெளியே வரும். பெட்டிக்குள் நீலமாக ஒரு துறைமுகம், தண்ணீரில் விளக்குகள் நீள நீளமாக ஆடும். நான் முதன்முதலில் பார்த்த கடல் அதுதான். பிறகு ஒரு தடவை திருச்செந்தூர் போனபோது, நிஜக் கடலில் சத்தம் கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

பெட்டி தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்தது. நம் ஊருக்கே அது ஒன்றுதான். இடது பக்கம் நிற்பவர் நீலச்சட்டை. வலது பக்கம் நிற்பவருக்குச் சிவப்புக் கவுன் போட்ட ஒரு பெண். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் செவத்தம்மா. இடது பக்கம் குதிக்க ஒரு பட்டன், அடிக்க ஒரு பட்டன். வலது பக்கம் குதிக்க மட்டும்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு சோடா மூடியை ஒட்டி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார் அண்ணாச்சி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் புதுப் பொட்டு. வலது பக்கம் நிற்கிற ஆள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆட்டத்தைத் தொடங்குவது. யாரும் சொல்லித் தரவில்லை, அப்படியே பழக்கமாகிவிட்டது.

செவத்தம்மா அடிக்கமாட்டாள். அவள் சுபாவம் அது. நடப்பாள், குதிப்பாள், அவ்வளவுதான். அவள் முன்னால் நடந்து போனால் ரவுடிகள் அத்தனை பேரும் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். நீலச்சட்டை பின்னாலேயே வந்து ஒவ்வொருவனாகச் சாய்ப்பான். இதற்கு எங்கள் கடையில் ‘துணை போறது’ என்று பெயர். என் கூட்டாளி ஜெயக்குமார் எப்போதும் நீலச்சட்டை. நான் எப்போதும் துணை. “பூமி துணைக்கு வந்தா மூணாந்தெரு வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்ல” என்று கடையில் பேசிக்கொள்வார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

எதற்காக மூன்று வருடம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றாம் தெருவில் மாடி ஜன்னல் ஒன்று உண்டு. அதில் ஒருத்தி துணி உதறிக்கொண்டிருப்பாள். அடிக்கிறவன் கண்ணுக்கு அவள் படமாட்டாள், அவனுக்கு ஏது நேரம்? அந்த ஜன்னலுக்குக் கீழே சும்மா நின்றால் ஒரே ஒரு தடவை அவள் குனிந்து பார்ப்பாள். பிறகு விளக்கை அணைத்துவிடுவாள். அவள் குனிந்து பார்க்கிற அந்த நேரத்துக்காக நான் எத்தனையோ உதை வாங்கியிருக்கிறேன்.

இப்போதும் லோடு ஆட்டோவில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் போகும்போது அந்த ஆட்டம்தான் ஓடுகிறது. ரோட்டோரக் கருவேல மரங்கள் விறுவிறுவென்று பின்னால் போகும். அதற்கு அப்பால் பனை மெதுவாகப் போகும். அதற்கும் அப்பால் விறகைக் கரியாக்கும் மூட்டத்துப் புகை நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. வானம் அசையாது. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன், ஊர்தான் நடக்கிறது என்று தோன்றும். எதிரே ரோட்டில் கானல் பளபளக்கும்போது, இதோ துறைமுகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். துறைமுகம் வராது. திருச்சுழி வரும்.

ஆகவே, அது பழசாகவில்லை என்று எழுதிக்கொள். அடிக்கத் தெரியாத ஒருத்தியை வைத்து ஒரு சண்டை ஆட்டத்தை வேறு யார் செய்திருக்கிறார்கள்?

அப்பா


பெங்களூரு
5.6.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு ஆட்டத்தைத் திறந்து, முதல் தடவையாகச் சிவப்புக் கவுன்காரியை எடுத்தேன். இரண்டாவது பட்டனை அழுத்தினேன்.

அவள் அடிக்கிறாள் அப்பா. ஒரு காலை ஊன்றிச் சுழன்று உதைக்கிறாள். ஒரே உதையில் மூன்று பேர் விழுகிறார்கள். அந்த ஆட்டத்திலேயே பலமான ஆள் அவள்தான். நீலச்சட்டை புதிதாக ஆடவருபவர்களுக்கு, அவள் கைதேர்ந்தவர்களுக்கு என்றுதான் செய்திருக்கிறார்கள்.

பழைய பெட்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடமும் கேட்டுவிட்டேன். எல்லாப் பெட்டியிலும் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டன்தானாம். உங்கள் பெட்டியில் வலது பக்கத்து அடிக்கிற பட்டன் உடைந்திருக்க வேண்டும். அந்த ஓட்டையை மூடத்தான் சோடா மூடி. யாரும் ஆடாதபோது பெட்டி தானாக ஓட்டிக் காட்டும் படத்திலும் நீலச்சட்டை மட்டும்தான் வருகிறான். ஆகவே உங்களுக்குத் தெரிய வழியில்லை, குற்றமில்லை.

முதலில் சிரித்தேன். அறையில் தனியாக, வாய்விட்டு. பிறகு சிரிக்க முடியவில்லை. மூன்று வருடம் உதை வாங்கியிருக்கிறீர்கள். திருப்பி உதைக்கும் இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உதை வாங்கியிருக்கிறீர்கள்.

வேலை விஷயம் மட்டும் என்று நான்தான் சொன்னேன். நானே மீறுகிறேன். அன்றைக்குப் பெரியப்பா பேசியபோது நான் அவரைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று. நீங்கள் கறிக்குழம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தீர்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவர் என்னைக் கேலி செய்தபோது சிரித்த அதே சிரிப்பு. நான் பெங்களூர் போகிறேன் என்று சொன்ன அன்றைக்குப் பெரியப்பா முன்னால் சிரித்த அதே சிரிப்பு.

அந்த ஆட்டம் பழசாகிவிட்டதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பழசாகிவிட்டது.

முருகலட்சுமி


பாளையம்பட்டி
16.6.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை. “என்ன, மகளுக்குப் பதிலா நீங்க மௌனமா?” என்று அம்மா கேட்டாள். செவத்தம்மா அடிப்பாளாம் என்றேன். யார் அந்தச் செவத்தம்மா என்று அவள் கேட்ட தோரணை சரியில்லை. முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

பந்தல்குடிக்கு லோடு கிடைத்த அன்று ஜெயக்குமாரைப் பார்த்துவிட்டு வந்தேன். தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்கு ஹாரனும் பல்பும் விற்கிறான். முன்வழுக்கை விழுந்துவிட்டது. நீலச்சட்டைதான் போட்டிருந்தான். தற்செயலாகத்தான்.

“ஏலே, செவத்தம்மா அடிப்பாளாம்ல” என்றேன்.

கையிலிருந்த ஹாரனைக் கீழே வைத்தான். “யாரு சொன்னா?”

“எம் மக.”

“எனக்குத் தெரியும்” என்றான்.

“எப்பலேர்ந்து?”

“தொண்ணூத்தேழுல மதுரைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன்ல, அப்ப. அங்க ஒரு கடையில ஒரு பய அவள வச்சு எட்டுப் பேரைச் சாத்துறான்.”

“எங்கிட்ட ஏன்லே சொல்லல?”

“சொன்னா நீ அப்புறம் துணைக்கு வருவியாக்கும்? நீயும் அடிக்கப் போயிருவ. முன்னால நடக்குறது யாரு?”

“அண்ணாச்சிக்குத் தெரியுமா?”

“அவரு புதுப் பட்டனே வாங்கி வச்சிருந்தாருல. நீங்க பூராப் பேரும் மூடியத் தொட்டுக் கும்புடுறதப் பாத்துட்டு, எடுக்க மனசு வரலன்னுட்டாரு.”

டீ வாங்கிக் கொடுத்தான். “என்னய ரெண்டு வார்த்தை வஞ்சுரு பூமி. எனக்கு மனசு ஆறும்” என்றான். வைது பார்த்தேன், வரவில்லை. கிளம்பும்போது ஒரு லாரி ஹாரனைச் சும்மா கொடுத்தான். வண்டியில் மாட்டியிருக்கிறேன். பெரிய லோடு வருகிறது என்று ஆடுகள் ஒதுங்கி நின்று பார்க்கின்றன. வருவது நான்.

திரும்பும்போது நல்ல உச்சி வெயில். கண்ணைச் சொருகியது. ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிச் சாய்ந்தேன். தூங்கினேனா என்று தெரியவில்லை. கானலில் ரோடு நீலமாகிவிட்டது. நான் சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறேன். மீசையோடுதான். கரிசல் காட்டுக்கு நடுவில் தெருவிளக்குகள் எரிகின்றன. எதிரே அண்ணன் வருகிறார். நான் பழக்கப்படி முன்னால் போய் நிற்கிறேன். அவர் கை வீசுகிறார். எனக்கு வலிக்கவே இல்லை. அட, நல்லதாகப் போயிற்றே என்று திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் நீ நிற்கிறாய். கையில் மூடிய சாப்பாட்டு இலை. அடி என் வழியாகப் போய் உன்மேல் விழுந்திருக்கிறது.

முழித்துக்கொண்டேன். ஸ்டியரிங் கொதித்தது.

எங்கள் அப்பா செத்தபிறகு என்னை வளர்த்தது அண்ணன்தான். அவுக பேச்சில் முள் இருக்கும். யாரையாவது குத்த ஆரம்பித்தால் நான் முன்னால் போய் நின்று சிரித்துவிடுவேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், பேச்சு என்னோடு முடிந்துவிடும். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சமாளித்தேன். முப்பது வருஷமாக வேலை செய்த வித்தை அது. அன்றைக்குப் பந்தியிலும் அடி என்மேல்தான் விழுந்தது என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றப் போய்விட்டேன். உன்மேல் விழுந்தது எனக்குத் தெரியவில்லை பாப்பா.

இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எனக்கு அந்தப் பட்டன் வேலை செய்யுமா என்று தெரியாது. தெரியாததை எழுதி அனுப்பக் கூடாது அல்லவா?

அப்பா


பெங்களூரு
28.6.2025

அப்பாவுக்கு,

நீங்கள் சத்தியம் ஒன்றும் செய்யாததுதான் அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது.

என் கட்டுரை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதியது. உங்களுக்காகச் சில வரிகளைத் தமிழில் எழுதுகிறேன்:

“இந்த ஆட்டத்தின் சண்டை பழசாகிவிட்டது. ஆட்கள் திரும்ப மறுக்கிறார்கள், எதிரிகள் ஒளிந்து அடிக்கிறார்கள், கடைசி இரண்டு தெருக்கள் வெறும் அநியாயம். பழசாகாதது பின்னால் இருக்கும் ஊர். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கில், வெவ்வேறு வேகத்தில் நகரும் அந்தத் துறைமுகத்தை அடித்துக்கொண்டே போகிறவர் பார்க்க முடியாது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்க் கடையில், ஒரு பட்டன் உடைந்துபோன காரணத்தால், மூன்று வருடம் ஒரு சாரார் இதை அடிக்காமலே ஆடியிருக்கிறார்கள். அப்படி ஆடினால் இது இன்று செய்ததுபோல இருக்கிறது. ஆனால் அதற்கு ஒருவர் உதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

எழுதுவதற்கு முன் சோதித்துப் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் ஒருத்தியிடம் நீலச்சட்டையைக் கொடுத்துவிட்டு நான் துணை போனேன். ஒரு சாயங்காலம் முழுவதும் அடிக்கவில்லை. முதலில் கை பரபரத்தது. பிறகு மெல்ல அடங்கிவிட்டது. தண்ணீரில் விளக்குகள் ஆடுவதை அப்போதுதான் பார்த்தேன். மூன்றாம் தெருவில் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். குனிந்து பார்த்தாள் அப்பா. இத்தனை வருடங்களில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிய யாருமே அவளைக் குறிப்பிடவில்லை. கட்டுரை படித்தவர்கள் பலர் அவளைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். டிவியில் மாட்டும் சின்னப் பெட்டி, இரண்டு கைப்பிடி. எப்படி மாட்டுவது என்று படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். வலது பக்கத்துப் பட்டன் இரண்டும் வேலை செய்கின்றன. நான் அழுத்திப் பார்த்துவிட்டேன்.

முருகலட்சுமி


பாளையம்பட்டி
9.7.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சல் நல்லபடியாக வந்தது. நீ வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடினேன். அம்மா திருப்பிக் கொடுத்தபிறகு ஐந்து நிமிஷத்தில் துறைமுகம் வந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது பட்டனில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், அப்படியே இங்கே எட்டிப் பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னடா பூமி, நீயும் ஆரம்பிச்சுட்டியா? அவதான் அங்கன கெடந்து வெளாடுறான்னா, இங்கன அப்பனுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எப்போதும் வருகிற அதே சிரிப்பு, பாதி வாய்வரை வந்துவிட்டது. அப்போது பொட்டு வைத்த கட்டைவிரலைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணே, அது அவ பாக்குற வேலை. நல்லாப் பாக்குறா. ஊருக்கு முன்னால அவளப் பேசினது தப்பு. நான் சிரிச்சது அதவிடத் தப்பு. இனிமே அவளப் பத்தி அப்படிப் பேசாதீக.”

சத்தமாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு. அண்ணன் காதில் கையை வைத்துக்கொண்டு, “என்ன?” என்றார்.

இப்படி ஒரு சோதனை யாருக்கும் வரக்கூடாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னதை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை நன்றாகவே கேட்டது. எதிர்வீட்டு முத்துலட்சுமி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல. அம்மா காப்பியோடு வந்தாள். “வேண்டாம்த்தா” என்று எழுந்தார். கோபத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் செருப்பு எனக்கு ஒரு நம்பர் பெரிசு. என்னுடையது வார் அறுந்து தைத்தது, எம்.ரெட்டியபட்டிவரை எப்படிப் போனாரோ. இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தினமும் வாசலில் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறேன். கொடுக்கும்போது சிரிக்கலாமா கூடாதா என்பதுதான் யோசனை.

அம்மா அன்று சாப்பாட்டில் இரண்டு முட்டை பொரித்து வைத்தாள். நான் கேட்கவே இல்லை.

பிறகு உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கினேன். செவத்தம்மா மட்டும்தான், தனியாக. முதல் தெருவில் ஒரு தடியன் வந்தான். பொட்டு வைத்த பட்டனை அழுத்தினேன். அவள் சுழன்றாள். அவன் எகிறிப் போய்ப் பீப்பாய்க்கு அப்பால் விழுந்தான். எனக்குப் பகீர் என்றது. “அய்யய்யோ, அடி பலமாப் பட்டுருச்சோ” என்று வாய்விட்டுக் கேட்டேனாம், அம்மா சொல்கிறாள். இருபத்தொன்பது வருஷமாகக் காலுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் பொறுமையாக நடந்தாளோ.

மூன்றாம் தெருவரை அடித்துக்கொண்டே போனேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அதே பெண், அதே துணி. நமக்குத்தான் தலை நரைத்துவிட்டது. நான் கீழே நின்றேன். அவள் குனிந்து பார்த்தாள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, “யாருங்க அவ? இந்நேரம் துணி காயப்போடுறா” என்றாள்.

திரையில் இடது பக்க மூலையைப் பார்த்திருக்கிறாயா? நீலச்சட்டையின் இடத்தில் ஆள் இல்லாவிட்டால் ஏதோ எழுத்து விட்டு விட்டு மினுங்குகிறது. இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். உள்ளே வரலாம் என்று போட்டிருக்கிறது. எந்தத் தெருவில் வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கடையில் அந்த இடம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை, அதனால் நான் அதைப் பார்த்ததே இல்லை.

இன்றைக்கும் மினுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்பா


பெங்களூரு
15.7.2025

அப்பாவுக்கு,

சனிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். அதுவரை ஜன்னலுக்குக் கீழேயே நில்லுங்கள்.

பெரியப்பா செருப்பை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீங்கள் துணைக்கு வாங்க.

பாப்பா